விளையாட்டு கூலியல்ல

காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைக்கு அடி விழும். அடிக்க மனம் வராத பெற்றோர் "இனிமேல் விளையாடப் போகக் கூடாது" என்று சொல்லிவிடுவார்கள். பள்ளியிலும் இதுதான் நடக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை பி.டி. பீரியடில் வகுப்பறையிலேயே உட்கார வைக்கப்படுகிறது. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பல பள்ளிகளில் அந்த பீரியடே கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. விளையாட்டு என்பது படித்து முடித்தவர்களுக்குக் கொடுக்கும் கூலி என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஊறியிருக்கிறது. வேலை முடியவில்லை என்றால் கூலி இல்லை, அவ்வளவுதான். இந்த எண்ணம் அடிப்படையிலேயே தவறு என்று நினைக்கிறேன். பிள்ளைகளை அடிக்காமல் வளர்க்க வேண்டும் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் அடிக்காதே என்று மட்டும் ஒரு தாயிடமோ தகப்பனிடமோ சொன்னால், வேறு என்ன செய்வது என்ற கேள்வி அவர்கள் முன் அப்படியே நிற்கும். அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி உலகம் தந்திருக்கும் பதில்களில் உறுதியான ஒன்று, பிள்ளையோடு சேர்ந்து விளையாடுவது. அதையே தண்டனையாகப் பறித்துவிட்டால் பெற்றோரின் கையில் மிஞ்சுவது கோபம் மட்டும்தான்.

இதை வெறும் ஆசையாகச் சொல்லவில்லை. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1986-87ஆம் ஆண்டுகளில், சாலி கிராந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஏழைக் குடியிருப்புகளில், சரியான ஊட்டம் இல்லாமல் வயதுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருமே ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சத்துப்பால் மாவு, இன்னொன்றுக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோகும் ஒரு சமூகச் சுகாதாரப் பணியாளர், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு எதுவுமில்லை. வந்துபோன பணியாளர்கள் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி, துணித்துண்டு போன்ற வீட்டுப் பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டுவருவார்கள். ஒரு மணி நேரம் தாயையும் குழந்தையையும் சேர்த்து உட்கார வைத்து விளையாடுவார்கள். சாமானை அங்கேயே விட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் வேறொன்றோடு வருவார்கள். குழந்தையைப் பாராட்டிப் பேசுவது எப்படி, அதன் சத்தத்துக்குப் பதில் சொல்வது எப்படி என்பதைத் தாய் தன் கண்ணால் பார்த்துத் தானே செய்து பழகினாள். அதுதான் திட்டத்தின் உயிர். இது இரண்டே ஆண்டுகள் நடந்தது.

அந்தக் குழந்தைகளுக்கு 22 வயதானபோது ஆய்வாளர்கள் மறுபடியும் தேடிப் போனார்கள். விளையாட்டுப் பயிற்சி பெற்ற வீடுகளின் பிள்ளைகள், பெறாதவர்களைவிட சராசரியாக 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஊட்டக்குறைவே இல்லாமல் வளர்ந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வருமானத்தில் எட்டிப் பிடித்திருந்தார்கள். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மேனும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 2014இல் 'சயன்ஸ்' இதழில் வந்தபோது வருமானக் கணக்குதான் பெரிதாகப் பேசப்பட்டது. என் பார்வையில் அதைவிட முக்கியமானது 2011இல் வந்த இன்னொரு முடிவு: அதே இளைஞர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவு, அடிதடியிலும் கடுமையான வன்முறையிலும் இறங்கியவர்கள் குறைவு. சத்துப்பால் மட்டும் பெற்ற குழுவில் இப்படி நெடுங்காலம் நீடித்த பலன் தென்படவில்லை. சோறு வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. சத்துணவுத் திட்டத்தைக் கண்ட மாநிலத்தில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குழந்தை வளர்வதற்குச் சோற்றோடு கூட இன்னொரு மனிதரின் முகமும் குரலும் விளையாட்டும் தேவை என்பதை, குலுக்கல் முறையில் நடந்த ஓர் ஆய்வு ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்து காட்டியிருக்கிறது.

ஒரு மணி நேர விளையாட்டுக்குள் அப்படி என்ன நடக்கிறது? கைக்குழந்தை ஒரு சத்தம் எழுப்புகிறது, தாய் அதே சத்தத்தைத் திருப்பித் தருகிறாள், குழந்தை சிரிக்கிறது, மறுபடி எழுப்புகிறது. மூளையின் நரம்பு இணைப்புகள் வலுப்பெறுவது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் என்று இன்றைய மூளை அறிவியல் சொல்கிறது. நம்முடைய பிள்ளைத்தமிழ் நூல்களைப் புரட்டினால் இதே கவனிப்பு வேறொரு மொழியில் கிடைக்கும். செங்கீரை, சப்பாணி, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று அந்த இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பெரும்பாலும் அது ஆடும் ஆட்டங்களைக் கொண்டே பருவம் பிரித்தது. தலை நிமிர்த்தி அசைவது, கைகொட்டுவது, நிலாவை அழைப்பது, மணல்வீடு கட்டுவது என இவற்றில் பெரும்பாலும் எதிரே ஒரு பெரியவர் இருக்கிறார். கொஞ்சம் வளர்ந்த பிறகு அந்த இடத்துக்குக் கூட்டாளிகள் வருகிறார்கள். பாண்டி ஆடும் சிறுமி தன் முறை வரும்வரை காத்திருக்கிறாள். கோட்டை மிதித்துவிட்டால் யாரும் அடிக்காமலே தானாக வெளியேறுகிறாள். சடுகுடு ஆடும் பையன் மூச்சையும் அவசரத்தையும் ஒருசேர அடக்குகிறான். குழந்தை தன்னைத்தானே அதிகம் கட்டுப்படுத்திக்கொள்வது விளையாட்டில்தான் என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933லேயே வாதிட்டார். ஒழுக்கம் என்று நாம் எதைக் கேட்கிறோமோ, பொறுமை, விதிக்குக் கட்டுப்படுதல், தோல்வியைத் தாங்குதல், அவற்றைப் பிள்ளைகள் தாங்களாகவே விரும்பிப் பழகும் இடம் அது. அந்த இடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்துத்தான் ஒழுக்கம் கற்பிக்கப் பார்க்கிறோம்.

அடி இதற்கு நேரெதிரான வேலையைச் செய்கிறது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்தார்கள். 75 ஆய்வுகள், ஏறத்தாழ 1.6 லட்சம் குழந்தைகள். கம்பு, பெல்ட் போன்ற கொடுமைகளை ஒதுக்கிவிட்டு, கையால் அடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பார்த்த 17 விளைவுகளில் 13இல் அடிக்கும் கெடுதலுக்கும் தொடர்பு இருந்தது: முரட்டுத்தனம், மனநலச் சிக்கல், பெற்றோரோடு உறவு கெடுதல் என்று பட்டியல் நீள்கிறது. அடியால் நீண்ட நாளில் பிள்ளை சொல்பேச்சுக் கேட்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். முரட்டுப் பிள்ளைகள்தானே அதிகம் அடி வாங்கும்? அப்படியென்றால் எது காரணம், எது விளைவு? குலுக்கல் போட்டு ஒரு குழுவின் பிள்ளைகளை அடித்துப் பார்க்க முடியாது என்பதால் இந்தக் கேள்விக்கு நூறு விழுக்காடு விடை ஒருபோதும் கிடைக்காது. ஆனால் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, தொடக்கத்தில் அவர்களுக்கு இருந்த முரட்டுத்தனத்தைக் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் அடி பட்டவர்களின் நடத்தை பின்னால் மோசமாகியிருக்கிறது. தொடர்பின் அளவு பெரிதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கோடிக்கணக்கான வீடுகளில் அன்றாடம் நடக்கும் ஒன்றுக்குச் சிறிய கெடுதலே ஒரு சமூகத்தின் பெரிய கெடுதல்.

அன்றாடம் என்று சொல்வது மிகையல்ல. மத்திய மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பேசியது. மூவரில் இருவர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானதாகத் தெரியவந்தது; குடும்பத்துக்குள் அடி வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைப் பெற்றோரிடமே வாங்கினார்கள். உலக அளவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பத்தில் ஆறு பேர், அதாவது ஏறத்தாழ 40 கோடிப் பேர், வீட்டில் அடியோ மனத்தைப் புண்படுத்தும் தண்டனையோ பெறுவதாக யுனிசெஃப் 2024இல் கணக்கிட்டது. அந்த ஆண்டுதான் ஜூன் 11ஐ ஐ.நா. முதன்முறையாக உலக விளையாட்டு நாளாகக் கொண்டாடியது. இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று ஒட்டி வந்தது பொருத்தம்தான்.

"அடித்து வளர்க்காத பிள்ளையும் ஒடித்து வளர்க்காத முருங்கையும் உருப்படாது" என்பது நம் ஊர்ப் பேச்சு. "நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தானே ஆளானோம்" என்பது அதன் இன்றைய வடிவம். இதைச் சொல்பவர்களை எள்ளிப் பேச எனக்கு விருப்பமில்லை. பெரும்பாலும் அவர்கள் தங்கள் பெற்றோரைக் காப்பாற்றத்தான் பேசுகிறார்கள். தங்களை வளர்க்க உடலை உருக்கியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. அப்படி நிறுத்த வேண்டியதில்லை. ஆளானவர்கள் அடியால் ஆளானார்களா, அந்த அடியையும் மீறி அந்த வீட்டில் கிடைத்த அன்பாலும் உழைப்பாலும் ஆளானார்களா என்பதுதான் கேள்வி. அடி வாங்கி ஆளாகாமல் போனவர்கள், பள்ளியை விட்டு ஓடியவர்கள், வீட்டோடு பேச்சை அறுத்துக்கொண்டவர்கள் இந்த விவாதத்தில் வந்து பேசுவதில்லை. அவர்களையும் எண்ணிப் பார்க்கும் வேலையைத்தான் ஆய்வுகள் செய்கின்றன.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. அடிக்காமல், விளையாடிக்கொண்டே வளர்த்தால் பிள்ளை செல்லத்தால் கெட்டுப்போகும் என்பது. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் வகுத்த பிரிவுகள் இதற்கு இன்றும் உதவுகின்றன. கண்டிப்பு மட்டும் உள்ள வீடு, கண்டிப்பே இல்லாத வீடு, அன்பும் கண்டிப்பும் சேர்ந்த வீடு என்று அவர் மூன்றாகப் பிரித்தார். மூன்றாவது வகைப் பிள்ளைகளே தன்னம்பிக்கையிலும் தன்னடக்கத்திலும் முன்னே நின்றார்கள். ஆக, நல்ல வளர்ப்பு என்பது விதியில்லாத வளர்ப்பல்ல. எட்டரைக்குத் தூக்கம் என்றால் எட்டரைக்குத்தான்; தம்பியைக் கடித்தால் அந்த ஆட்டம் அத்தோடு நிற்கும். காரணம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டும், நேற்றும் இன்றும் விதி ஒன்றாக இருக்க வேண்டும், பிள்ளை நன்றாக நடந்துகொள்ளும் நேரத்தில் அதைக் கண்டு சொல்ல வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். ஒழுங்காக இருக்கும்வரை பிள்ளை கண்ணில் படுவதில்லை. தட்டை உடைத்த பிறகுதான் படுகிறது. ஒரு நாளில் பத்துப் பதினைந்து நிமிடமாவது பிள்ளை தேர்ந்தெடுத்த ஆட்டத்தில், பிள்ளை சொல்கிறபடி சேர்ந்துகொள்ளும் பெற்றோருக்கு அந்த நல்ல நேரங்கள் தெரியவரும். கண்டிப்பு எடுபடுவதும் அப்படிப்பட்ட உறவில்தான்.

படிப்பு என்னாகும் என்ற பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளையின் தாய்க்கு மதிப்பெண் என்பது குடும்பம் மேலேறும் ஒரே படி. அவரிடம் போய் விளையாட விடுங்கள் என்று வசதியாக உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. ஆதாரம் காட்ட வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் 50 ஆய்வுகளை அலசி, பள்ளியில் உடற்கல்விக்கும் உடலசைவுக்கும் ஒதுக்கிய நேரம் மதிப்பெண்ணைப் பாதித்ததா என்று பார்த்தது. பார்த்த தொடர்புகளில் பாதி படிப்புக்கு நன்மை தருவதாக இருந்தன, மீதியில் ஏறத்தாழ எல்லாமே நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்ற நிலை. கெடுதல் என்று சொல்லத்தக்கவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுப்பதால் மதிப்பெண் ஏறுகிறது என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லை. 11 முதல் 17 வயது வரையான உலக இளையோரில் 81 விழுக்காட்டினர் போதிய உடலசைவு இல்லாமல் இருக்கிறார்கள் என்று 2019இல் 'லான்செட்' குழும இதழில் வந்த ஆய்வு கண்டது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்பதுதான் அவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. பள்ளி, டியூஷன், மறுபடி புத்தகம் என்று ஓடும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்?

பெற்றோருக்கும் நேரம் வேண்டுமே என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் கனமாகத் தோன்றுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து இரவு வீடு திரும்பும் தாய், தூங்கிவிட்ட குழந்தையோடு எப்படி விளையாடுவார்? 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அப்போது தொழிலாளர் உரிமை பற்றி நிறையப் பேசினோம். அது குழந்தைகளின் உரிமையும்கூட என்று யாராவது அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வேலை நேரத்தைப் பற்றிப் பேசாமல் நல்ல வளர்ப்பைப் பற்றிப் பேசினால் அது ஏழைப் பெற்றோர் மேல் இன்னொரு பழியாகத்தான் முடியும். அதே சமயம், ஏழைகளால் இது முடியாது என்று முடிவுகட்டுவதும் தவறு. ஜமைக்காவில் இதைச் செய்து காட்டியவர்கள் ஏழைத் தாய்மார்கள்தாம். அதே முறையை ஒடிசாவின் கிராமங்களில் பிரதம் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து முயன்றபோது, வீடு வீடாகப் போவதற்குப் பதில் தாய்மாரையும் குழந்தைகளையும் ஓரிடத்தில் கூட்டி நடத்தியதும் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது. செலவோ மிகவும் குறைவு. குளிப்பாட்டும்போதும் கீரை ஆயும்போதும் பேச்சுக் கொடுப்பதும், பாத்திரத்தைத் தட்ட விடுவதும்கூட அந்தப் பாடத்தில் அடங்கும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இடமும் சுருங்கிவிட்டது. தெருவில் பம்பரமும் கிட்டிப்புள்ளும் ஆடிய இடத்தில் இன்று வண்டிகள் நிற்கின்றன. கைபேசியே கதி என்று பிள்ளைகளைக் குறை சொல்கிறோம்; வெளியே போக இடமில்லாத பிள்ளைக்கு உள்ளே கிடைத்தது அதுதான். பெண் குழந்தைகளுக்கு இந்த நெருக்கடி இரட்டிப்பு. வயதுக்கு வந்ததும் தெரு மூடிக்கொள்கிறது. தம்பி மட்டையோடு வெளியே ஓடும்போது அக்கா அடுப்படிக்குத் திரும்புகிறாள். இதற்கு எந்தச் சட்டமும் காரணமல்ல, பழக்கம்தான் காரணம். அதனால் வீட்டார் நினைத்தால் இன்றைக்கே மாற்றலாம். 2024இல் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் கிரிக்கெட் மட்டையும் கைப்பந்தும் பெரும்பாலும் பெரிய பையன்களின் கைக்குத்தான் போகும். ஆறு வயதுச் சிறுமிக்கு வேண்டியது மணலும் மரநிழலும் பாதுகாப்பான கழிப்பறையும். போட்டிக்குத் தயார்செய்யும் பயிற்சி வேறு, பிள்ளைகள் தாங்களே விதி வகுத்து ஆடுவது வேறு. முன்னதற்குப் பணம் ஒதுக்கிவிட்டால் பின்னதும் நடந்துவிடும் என்று அரசு எண்ணிக்கொள்ளக் கூடாது.

பதின்வயதினரிடம் இதெல்லாம் செல்லாது, அதற்குள் எல்லாம் கைமீறிப் போய்விடும் என்று சிலர் கைவிரிப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் 40 இடங்களில் 552 குடும்பங்களோடு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. 10 முதல் 18 வயது வரையான பிள்ளைகளும் அவர்களை வளர்ப்பவர்களும் 14 அமர்வுகளில் ஒன்றாகக் கூடினார்கள். பாராட்டுவது, கோபத்தை ஆற்றுவது, வீட்டுச் செலவைச் சேர்ந்து திட்டமிடுவது, தனியாகக் கொஞ்ச நேரம் ஒன்றாகச் செலவிடுவது ஆகியவற்றை நடித்தும் பேசியும் பழகினார்கள். மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, வளர்ப்பவர்கள் சொன்ன தகவலின்படி அந்த வீடுகளில் அடி குறைந்திருந்தது; வளர்ப்பவர்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. இந்தக் கடைசிச் செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளையை அடிக்கும் கை பெரும்பாலும் களைத்துப்போன ஒருவருடைய கை. அந்தக் களைப்புக்கு ஒரு வழி சொல்லாமல் கையை மட்டும் பிடித்து நிறுத்த முடியாது.

சட்டம் நம்மிடம் பாதி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு பள்ளியில் அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. வீட்டில் அடிப்பதற்கு மட்டும் முழுத் தடை இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு காப்பாளர் செய்வதற்குத் தந்த பாதுகாப்பு புதிய தண்டனைச் சட்டத்திலும் தொடர்கிறது. உலகிலேயே முதலில் வீட்டு அடியைத் தடை செய்த ஸ்வீடன் 1979இல் அதைப் பெற்றோர் சட்டத்தில் எழுதியது; தனித் தண்டனை எதுவும் வைக்கவில்லை. பதிலாகப் பால் பெட்டிகளில் அச்சிட்டது, வீடுதோறும் கையேடு அனுப்பியது. இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒன்பது குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருந்தது. நேபாளம் 2018இல் தெற்காசியாவில் முதலாவதாக அதே வழியில் வந்தது. பெற்றோரைச் சிறைக்கு அனுப்பாத, ஆனால் அடி முறையல்ல என்று தெளிவாகச் சொல்லும் அப்படியொரு சட்டம் இங்கும் வர வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரையான குழந்தைகளோடு வீட்டிலேயே செய்யக்கூடிய விளையாட்டுகளை மாதவாரியாகத் தரும் 'நவ்சேத்னா' என்ற வழிகாட்டியை மத்திய அரசு 2024இல் வெளியிட்டது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் முன்பிருந்தே உண்டு. இவை ஏட்டோடு நின்றுவிடாமல் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால், அங்கன்வாடிப் பணியாளரின் கையிலிருந்து பதிவேட்டுச் சுமையைக் குறைத்து, தாய்மாரோடு உட்காரும் நேரத்தைக் கூட்ட வேண்டும். தடுப்பூசி போடும் நாளில் குழந்தையை ஏந்திய தாய்மார் வரிசையில் காத்திருக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரோடு இன்னொருவர் அங்கே இருந்து, ஒரு பாட்டிலையும் நான்கு கூழாங்கல்லையும் வைத்துக் கிலுகிலுப்பை செய்து காட்டப் பெரிய நிதி தேவையில்லை. தகப்பன்மாரையும் அங்கே அழைக்க வேண்டும். பள்ளிகளில், பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு மாதந்தோறும் கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் கடந்த மாதம் எத்தனை பி.டி. பீரியடுகள் உண்மையில் திடலில் நடந்தன, எத்தனை வேறு பாடத்துக்குப் போயின, எத்தனை பிள்ளைகள் தண்டனையாக வகுப்பில் நிறுத்தப்பட்டார்கள் என்று ஒரு பெற்றோர் எழுந்து கேட்கலாம். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.